ஸ்டீராய்டைக் குறைக்கும்போது வரும் வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முடக்குவாதம், பாலிமயால்ஜியா ருமாட்டிகா (தோளிலும் இடுப்பிலும் வலியும் விறைப்பும் தரும் நோய்) போன்ற அழற்சி நோய்களுக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு, இப்போது அதைக் குறைக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கான பக்கம் இது. அளவுகள் எல்லாம் பிரெட்னிசோலோன் கணக்கில் சொல்லப்பட்டிருக்கின்றன. உங்கள் டோஸை முடிவு செய்ய வேண்டியவர் உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான். அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

வலி போய்விட்டது. மாத்திரையை நாளையே நிறுத்தினால் என்ன?

எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்று, நான்கு வாரத்துக்குள் முடிந்துவிட்ட சிகிச்சை என்றால் பெரும்பாலும் அப்படியே நிறுத்திவிடலாம். அதற்கு மேல் போயிருந்தால் கூடாது.

காரணம் சிறுநீரகங்களின் உச்சியில் இருக்கும் இரண்டு அட்ரீனல் சுரப்பிகள். உடம்புக்கு வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோனைத் தினமும் சுரப்பவை இவை. ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, காய்ச்சலையும் காயத்தையும் தாங்கும் சக்தி எல்லாவற்றிலும் கார்டிசாலுக்குப் பங்கு உண்டு. "சுரக்கலாம்" என்ற உத்தரவு மூளையடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து வர வேண்டும். மாத்திரை வழியாக ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி அந்த உத்தரவை நிறுத்திவிடும். வேலையில்லாத சுரப்பி மெல்லச் சுருங்கிப் போகும். அந்த நேரத்தில் மாத்திரையும் நின்றால் உடம்பில் சொந்தக் கார்டிசாலும் இருக்காது, அதற்கு ஈடான மாத்திரையும் இருக்காது. அசதி, குமட்டல், எழுந்து நின்றால் தலைசுற்றல் என்று ஆரம்பித்து, மோசமானால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஆகவே டோஸைக் குறைத்துக்கொண்டே வருவதில் இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. நோய் அடங்கியே இருக்கிறதா என்று பார்க்கிறோம். சுரப்பிக்கு எழுந்து உட்கார நேரம் கொடுக்கிறோம். இந்த இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை, சிக்கலே அங்கேதான்.

நான் சாப்பிடுவது பிரெட்னிசோலோன் இல்லையே?

தோராயமாக 5 மி.கி. பிரெட்னிசோலோன் என்பது 4 மி.கி. மெத்தில்பிரெட்னிசோலோன், 6 மி.கி. டெஃப்லாசாகார்ட், 20 மி.கி. ஹைட்ரோகார்டிசோன், 0.75 மி.கி. டெக்ஸாமெத்தசோன் ஆகியவற்றுக்குச் சமம். டெக்ஸாமெத்தசோன் மாத்திரையில் எண் சின்னதாக இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம்.

மூட்டில் போடும் ஊசி, ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர், தோலில் பூசும் வலுவான களிம்பு இவையும் ஸ்டீராய்டுதான். மாத்திரையைக் குறைக்கும் மருத்துவருக்கு இவற்றையும் சொல்ல வேண்டும். பலரும் சொல்வதில்லை, "அது வேறு டாக்டர் கொடுத்தது" என்று விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு வேகமாகக் குறைப்பது?

நோய்க்கு நோய் மாறும். பாலிமயால்ஜியாவுக்கு 2015-ல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து கொடுத்த வழிகாட்டல் இப்படி: 12.5 முதல் 25 மி.கி.க்குள் தொடங்கி, நான்கு முதல் எட்டு வாரத்தில் 10 மி.கி.க்கு வர வேண்டும். அதற்குப் பிறகு நோய் அடங்கியிருக்கும்வரை நான்கு வாரத்துக்கு 1 மி.கி. வீதம் குறைக்க வேண்டும். கணக்குப் போட்டால், 10-லிருந்து பூஜ்யத்துக்கு வரவே ஏறக்குறைய பத்து மாதம். அதுவும் வழியில் ஒரு தடங்கலும் இல்லாமல் இருந்தால்.

முடக்குவாதத்தில் நிலைமை வேறு. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்து வேலை செய்யத் தொடங்க ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை வலியைத் தாக்குப்பிடிக்கத்தான் ஸ்டீராய்டு. அந்த மருந்து பிடித்தவுடன் ஸ்டீராய்டை இயன்றவரை சீக்கிரம் குறைத்து நிறுத்துவதுதான் நோக்கம்.

10-லிருந்து 9 சுலபமாக இருந்தது. 4-லிருந்து 3 ஏன் இவ்வளவு கஷ்டம்?

இரண்டுமே 1 மி.கி. குறைப்பு என்றுதான் சீட்டில் இருக்கும். ஆனால் 10-லிருந்து 9 என்பது பத்து சதவீதக் குறைப்பு. 4-லிருந்து 3 என்பது இருபத்தைந்து சதவீதம். 2-லிருந்து 1 என்றால் பாதியே போய்விட்டது. உடம்புக்கு உறைப்பது இந்த விகிதம்.

இன்னொன்றும் உண்டு. ஆரோக்கியமான உடம்பு ஒரு நாளில் சுரக்கும் கார்டிசாலுக்கு நிகரான மாத்திரை அளவு சுமார் 4 முதல் 6 மி.கி. அதற்கு மேல் இருக்கும்வரை சுரப்பி தூங்கினாலும் வெளியே தெரியாது, மாத்திரையே குறையை நிரப்பிவிடும். அதற்குக் கீழே இறங்கியதும், மீதியைச் சுரப்பி கொடுத்தாக வேண்டும். அது இன்னும் விழிக்கவில்லை என்றால் அந்தக் குறை அசதியாக, உடம்பு வலியாக வெளியே வரும்.

அதனால் கடைசி 5 மி.கி.யில் அவசரம் காட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. மேலே வேகமாக இறங்கியவர்கள்கூடக் கீழே நிதானமாக இறங்குவதில் ஒரு நஷ்டமும் இல்லை. சில மருத்துவர்கள் இந்தக் கட்டத்தில் அரை மி.கி. வீதம் குறைக்கச் சொல்வார்கள். அல்லது ஒரு நாள் பழைய டோஸ், ஒரு நாள் புதிய டோஸ் என்று சில வாரம் மாற்றி மாற்றி ஓட்டச் சொல்வார்கள்.

குறைத்த மூன்றாம் நாளே வலி வந்துவிட்டது. நோய் திரும்பிவிட்டதா?

இந்தப் பக்கத்துக்கு வருபவர்களில் பாதிப் பேருடைய கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பதில் "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்பதுதான். ஆனால் இரண்டையும் ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும்.

டோஸ் குறையும்போது உடம்பு காட்டும் எதிர்ப்பு ஒன்று உண்டு. அட்ரீனல் சுரப்பி நன்றாக இருந்தாலும், டோஸ் இன்னும் 5-க்கு மேலேயே இருந்தாலும்கூட இது வரும். அதிக ஸ்டீராய்டுக்குப் பழகிய உடம்பு குறைந்த அளவுக்குப் பழகும்வரை படும் பாடு இது. தசை வலி, மூட்டு வலி, சோர்வு, தூக்கமின்மை, பசியின்மை, காரணமில்லாத எரிச்சல் அல்லது மனச்சோர்வு என்று கலந்து வரும். குறைத்த சில நாளில் தொடங்கி, அதே டோஸில் பொறுத்திருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் மெல்லத் தணியும்.

நோய் தலைதூக்குவது பெரும்பாலும் இதற்கு எதிர்த் திசையில் நடக்கும். குறைத்த முதல் வாரம் நன்றாகவே இருக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வலி தொடங்கி, நாளுக்கு நாள் ஏறும். பழைய இடத்திலேயே, பழைய விதத்திலேயே வரும்.

பாலிமயால்ஜியா உள்ள ஒருவர் தன் வலியை எழுதிவரும் நோட்டில் இப்படி இரண்டு குறிப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"6 மி.கி., நான்காம் நாள். எழுந்ததும் தோள் விறைப்பு, கால் மணி நேரம். சீப்பு தலைவரை போனது. தொடையும் கெண்டைக்காலும் நாள் முழுக்க வலி. சாப்பாடு பிடிக்கவில்லை."

"6 மி.கி., இருபதாம் நாள். விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு. படுக்கையில் திரும்பிப் படுக்க முடியவில்லை. பதினோரு மணிவரை கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. மாலையில் பரவாயில்லை."

முதல் குறிப்பைப் படித்தால் குறைப்பின் எதிர்ப்பு என்றுதான் எனக்குத் தோன்றும். காலை விறைப்பு குறைவு, வலி இடம் மாறியிருக்கிறது, நேரத்தோடு அது கூடிக் குறையவில்லை. இரண்டாவது பாலிமயால்ஜியாவின் கையெழுத்து: காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, தோளும் இடுப்பும், மாலைக்குள் தளர்ச்சி. இதை எழுதியவர் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முடக்குவாதம் உள்ளவர் என்றால் விரல் கணுக்களில் வீக்கம் இருக்கிறதா, மோதிரம் கழற்ற வருகிறதா, அழுத்தினால் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று எழுதலாம்.

இரண்டும் கலந்தும் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது குறிப்பு மட்டும் போதாது, பரிசோதனை வேண்டும்.

ரத்தப் பரிசோதனை நார்மல் என்கிறார்கள். எனக்கோ வலிக்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுபவை. அவை ஏறாமலேயே நோய் தலைதூக்குவதும் உண்டு. சளி, பல் தொற்று, சிறுநீர்த் தொற்று போன்ற வேறு காரணங்களால் அவை ஏறுவதும் உண்டு. தேவைப்பட்டால் மூட்டை அல்ட்ராசவுண்டில் பார்த்து உள்ளே அழற்சி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

அழற்சி இல்லாத வலி என்றால் அது பொய் வலி என்று அர்த்தமில்லை. நெடுநாள் வலியில் இருந்த நரம்பு மண்டலம், காரணம் தீர்ந்த பிறகும் வலியைப் பெருக்கிக் காட்டும். மூட்டுத் தேய்மானமும் இருக்கலாம். ஸ்டீராய்டாலேயே தொடைத் தசை பலவீனமாகி, படி ஏறும்போது நோகலாம். இந்த மூன்றுக்கும் ஸ்டீராய்டைக் கூட்டுவதால் பயனில்லை, கடைசியில் சொன்னது இன்னும் மோசமாகும். வலிக்கும்போதெல்லாம் டோஸைக் கூட்டும் பழக்கத்தில் உள்ள ஆபத்து இதுதான்.

நோய்தான் திரும்பியிருக்கிறது. முதலில் கொடுத்த டோஸுக்கே போக வேண்டுமா?

பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாலிமயால்ஜியாவில், நோய் எந்த டோஸில் தலைதூக்கியதோ அதற்கு முன்னால் நன்றாக இருந்த டோஸுக்கு ஏறி, நான்கு முதல் எட்டு வாரத்தில் மீண்டும் தலைதூக்கிய டோஸுக்கு இறங்கி வருவது வழிகாட்டலில் உள்ள முறை. உதாரணமாக 7-ல் நன்றாக இருந்து 6-ல் வலி வந்தால், 7-க்குப் போய் நிதானித்து மறுபடி 6. இதை நீங்களே செய்துகொள்ளாமல் மருத்துவரிடம் கேட்டுச் செய்வது நல்லது. ஆனால் முன்கூட்டியே "வலி திரும்பினால் என்ன செய்யட்டும்?" என்று கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். பல மருத்துவர்கள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், கேட்டால் சொல்வார்கள்.

திரும்பத் திரும்ப ஒரே டோஸில் மாட்டிக்கொண்டால், இன்னும் மெதுவாகக் குறைப்பதைத் தாண்டி வேறு மருந்து சேர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வேறு மருந்து என்றால்?

பாலிமயால்ஜியாவில் மெத்தோட்ரெக்ஸேட் சேர்ப்பதுண்டு. சரிலுமாப் என்ற ஊசிக்கு, ஸ்டீராய்டு போதவில்லை அல்லது குறைக்க முடியவில்லை என்ற நிலையில் உள்ளவர்களுக்காக 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. முடக்குவாதத்தில் தேர்வுகள் இன்னும் அதிகம்.

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தினமும் சாப்பிட்டு உயிருக்கு ஆபத்தானவர்கள் உண்டு. ஸ்டீராய்டு தினசரி மாத்திரை என்பதால் இரண்டும் ஒரே டப்பாவில் இருக்கும்போது குழப்பம் சுலபமாக நேரும். எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

இடைக்காலத்தில் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

குறைப்பின் எதிர்ப்பாக வரும் வலிக்கு, கல்லீரல் நன்றாக இருந்தால், பாராசிட்டமால் பலருக்கும் போதும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் ரத்தக் கசிவும் வரும் வாய்ப்பு கூடும். கேட்காமல் சேர்க்க வேண்டாம். மருத்துவரே கொடுத்தால் வயிற்றுக்கு ஒரு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறாரா என்று பாருங்கள்.

கணக்குப் பார்க்கும் நாளில் ஒரு சின்ன விஷயம்: வலி மாத்திரை போட்டதையும் நோட்டில் எழுதுங்கள். இல்லையென்றால் நல்ல நாள் ஸ்டீராய்டால் வந்ததா, வலி மாத்திரையால் வந்ததா என்று பிறகு தெரியாது.

மாத்திரையைப் பாதியாக உடைக்கலாமா? எப்போது சாப்பிடுவது?

சாதாரண மாத்திரையை, நடுவில் கோடு இருந்தால், உடைக்கலாம். குடலில் கரைவதற்காகப் பூச்சு போட்ட மாத்திரையை உடைக்கக் கூடாது. கையால் உடைத்தால் ஒரு பாதி பெரிதாகவும் மறு பாதி தூளாகவும் போகும். 5 மி.கி. மாத்திரையை நான்காக்க முயல்வதைவிட 1 மி.கி. மாத்திரையாகவே எழுதித் தரச் சொல்வது மேல்.

காலையில், சாப்பாட்டோடு, ஒரே வேளையாக. உடம்பின் சொந்தக் கார்டிசாலும் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். இரவில் சாப்பிட்டால் தூக்கமும் போகும், சுரப்பி விழிப்பதும் தள்ளிப்போகும்.

என் சுரப்பி விழித்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

காலை எட்டு, ஒன்பது மணிவாக்கில் எடுக்கும் ரத்தத்தில் கார்டிசால் அளவு பார்ப்பார்கள். முந்தைய பிரெட்னிசோலோன் மாத்திரைக்கும் ரத்தம் கொடுப்பதற்கும் இடையில் குறைந்தது 24 மணி நேரம் இருக்க வேண்டும். அதாவது அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட வேண்டும். முன்பே சாப்பிட்டுவிட்டால் சில பரிசோதனை முறைகளில் மாத்திரையே கார்டிசாலாகக் கணக்கில் ஏறிவிடும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அளவு உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

2024-ல் வந்த சர்வதேச வழிகாட்டலின்படி, டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் சுரப்பி மீண்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். 5-க்குக் கீழே என்றால் இன்னும் இல்லை, மாத்திரை தொடர வேண்டும், சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் அதே டோஸில் நின்று சில வாரம், மாதம் கழித்து மீண்டும் பரிசோதனை. உங்கள் பரிசோதனைக்கூடம் நானோமோல் கணக்கில் கொடுத்தால் இந்த எல்லைகள் 300, 150 ஆகும். எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை. சிலருக்கு மீள ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

காய்ச்சல் வந்தால்?

குறைத்துக்கொண்டிருக்கும் காலத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது இது. நல்ல உடம்பு காய்ச்சலின்போது கார்டிசாலைப் பல மடங்கு கூட்டிக்கொள்ளும். தூங்கும் சுரப்பியால் அது முடியாது. அதனால் காய்ச்சலில் படுத்திருக்கும் சில நாள் மட்டும் டோஸை இரட்டிப்பாக்குவது வழக்கமான முறை. ஏற்கெனவே 10 மி.கி.யோ அதற்கு மேலோ எடுப்பவருக்குச் சின்னக் காய்ச்சலுக்குக் கூட்டத் தேவையில்லாமலும் போகலாம். உங்களுக்கு எவ்வளவு என்று நன்றாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள். காய்ச்சல் விட்டதும் பழைய டோஸுக்கே திரும்பலாம், குறைப்பு முதலிலிருந்து தொடங்காது.

வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ இருந்து மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் ஹைட்ரோகார்டிசோன் ஊசியாகப் போட வேண்டியிருக்கும், பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மி.கி. கூட வருபவர் "இவர் நெடுநாள் ஸ்டீராய்டில் இருக்கிறார்" என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். நினைவிழந்த ஒருவரால் அதைச் சொல்ல முடியாது என்பதால்தான் பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கச் சொல்கிறார்கள். மருந்தின் பெயர், டோஸ், நோயின் பெயர், வீட்டார் எண். அவ்வளவு போதும்.

சர்க்கரை நோய்க்கும் மருந்து எடுக்கிறேன்.

ஸ்டீராய்டு குறையும்போது சர்க்கரையும் இறங்கும். அது நல்ல செய்திதான், ஆனால் ஸ்டீராய்டுக்காகக் கூட்டிய இன்சுலினும் மாத்திரையும் அப்படியே இருந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும். காலையில் சாப்பிடும் பிரெட்னிசோலோன் மதியத்துக்குப் பிறகான சர்க்கரையைத்தான் அதிகம் ஏற்றும். எனவே வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காமல் மதியம், மாலையிலும் பாருங்கள்.

எலும்பு?

2.5 மி.கி.யோ அதற்கு மேலோ மூன்று மாதம் எடுத்த பெரியவர்கள் எல்லோருக்கும் எலும்பு முறிவு அபாயத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கால்சியம், வைட்டமின் டி போதுமா, எலும்புக்குத் தனி மருந்து வேண்டுமா என்று கேளுங்கள். ஸ்டீராய்டை நிறுத்தியதும் எலும்பு மருந்தையும் கூடவே நிறுத்திவிடாதீர்கள், அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

முகம் வீங்கியிருக்கிறது, தூக்கமில்லை, கோபம் வருகிறது. இவை போகுமா?

முகமும் தூக்கமும் டோஸ் குறையக் குறையச் சரியாகும். முகம் வடிய மாதங்கள் ஆகும். மனநிலை மட்டும் குறைக்கும்போது சில நாள் இன்னும் தாழலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அதைப் பக்கவிளைவாக ஒதுக்கிவிடாமல் அன்றே சொல்ல வேண்டும். கண்புரை மட்டும் தானாகச் சரியாகாது. கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

மூட்டுவலிக்கு இயற்கைப் பொடி ஒன்று சொல்கிறார்கள். அதைச் சாப்பிட்டால் ஸ்டீராய்டே வேண்டாமாம்.

இரண்டே நாளில் வலியைத் துடைத்தெடுக்கும் பெயரில்லாத பொடியில், சொல்லாமல் கலந்த ஸ்டீராய்டு பலமுறை பிடிபட்டிருக்கிறது. நீங்கள் முன்வாசலில் குறைத்துக்கொண்டிருக்க, பின்வாசல் வழியாக அளவு தெரியாமல் அது உள்ளே வரும். பொடி தீர்ந்த வாரம் என்ன ஆகும் என்பதை முதல் கேள்வியின் பதிலில் பார்த்தாயிற்று.

எவ்வளவு முயன்றும் பூஜ்யத்துக்கு வர முடியவில்லை.

1948-ல் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்கவே சிரமப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்குக் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-லேயே ஹென்ச்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபல் பரிசு வந்துவிட்டது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புகிறது, தொடர்ந்தால் உடம்பு கெடுகிறது என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. உங்கள் இழுபறி அந்த நாளிலிருந்தே இருக்கும் இழுபறி.

2020-ல் வெளியான ஓர் ஆய்வில், டோசிலிசுமாப் என்ற முடக்குவாத மருந்தோடு 5 மி.கி.யில் நிலையாக இருந்த முடக்குவாத நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். 5 மி.கி.யிலேயே தொடர்ந்தவர்களில் 77 சதவீதத்தினருக்கு 24 வாரம் நோய் கட்டுக்குள் இருந்தது. மெல்லக் குறைத்து நிறுத்தியவர்களில் 65 சதவீதம். அதாவது பெரும்பாலானவர்களால் நிறுத்த முடிகிறது, எல்லோராலும் இல்லை. சிலர் 2, 3 மி.கி.யில் வருடக்கணக்கில் இருக்கிறார்கள். 20-லிருந்து 3-க்கு வந்தவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த 3-க்காகவும் எலும்பு, கண், சர்க்கரை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் எவை?

வாந்தியோடு தலைசுற்றல், குழப்பம், மயக்கம். கறுப்பு நிற மலம். அப்புறம் பாலிமயால்ஜியா உள்ளவர்களுக்கு மட்டும் இன்னொன்று: புதிதாகத் தலைவலி, தலை சீவும்போது உச்சந்தலை நோவது, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது. தலையின் ரத்தக் குழாய்களில் அழற்சி வந்திருக்கலாம், பார்வை நிரந்தரமாகப் போய்விடும். இதில் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, இரவானாலும் போக வேண்டும்.

நிறுத்திவிட்டேன். சீட்டைக் கிழித்துப் போடலாமா?

இன்னும் ஒரு வருடம் பர்ஸிலேயே இருக்கட்டும். அந்த ஒரு வருடத்துக்குள் அறுவை சிகிச்சை, விபத்து, கடும் காய்ச்சல் எது வந்தாலும், பல் பிடுங்குவதாக இருந்தால்கூட, ஸ்டீராய்டு சாப்பிட்ட கதையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கார்டிசால் பரிசோதனையில் சுரப்பி மீண்டுவிட்டது என்று உறுதியாகியிருந்தால் அதற்கு முன்பே எடுத்துவிடலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம்.